ஜப்பான் ஏரிக்கரை மனை: பத்திரம் கைக்கு வரும், கரை வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானில் ஏரிக்கரை மனை சல்லிசாகக் கிடைக்கிறது, வெளிநாட்டவரும் சொந்தப் பெயரில் வாங்கலாம், பிரித்து விற்கலாம், விடுதி கட்டலாம் என்ற பேச்சு காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் கல்யாணப் பந்தி வரைக்கும் வந்துவிட்டது. தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையும் விலையையும் காட்சியையும் விரிவாகச் சொல்லிவிட்டு, வாங்கிய பிறகு வருகிற வேலையை இரண்டு வரியில் முடித்துவிட்டது. சொத்துப் பத்திரம், நில அளவை, வெளிநாட்டுப் பணப் படிவம் இவற்றோடு புழங்குகிறவர்கள் என்ற முறையில், விட்டுப்போனதை எழுதுகிறோம்.

கட்டுரையில் சரியாக இருந்ததை முதலில் சொல்லிவிடுவோம். ஜப்பானில் நிலம் வாங்க அந்நாட்டுக் குடியுரிமை தேவையில்லை, அங்கே குடியிருக்கவும் தேவையில்லை. குத்தகை அல்ல, முழுச் சொந்தம். ஆனால் நிலத்தை வைத்துக்கொள்ளும் உரிமையும் அதில் கட்டுகிற உரிமையும் அங்கே இரண்டு தனிக் கணக்கு. முதலாவது ஓரிரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். இரண்டாவது வராமலே போகலாம். ஏரிக்கரை என்றால் அந்த அபாயம் இன்னும் கூடுதல். நிலம் வாங்கினால் விசாவும் சேர்ந்து வரும் என்பது கட்டுக்கதை. தொழில் நடத்துகிற விசாவுக்கான முதலீட்டு வரம்பை 2025 அக்டோபரில் 50 லட்சம் யென்னிலிருந்து 3 கோடி யென்னுக்கு உயர்த்திவிட்டார்கள்.

மலிவுக்குக் காரணம் இருக்கிறது. 1960களிலிருந்து 80கள் வரை ஹொக்கைடோவிலும் வேறு பல இடங்களிலும் காட்டையும் புதரையும் படத்தில் சதுரம் சதுரமாகக் கோடு போட்டு, நாளைக்கு ரயில் வரும், ரிசார்ட் வரும் என்று சொல்லி நகரத்துச் சம்பளக்காரர்களிடம் விற்றார்கள். ஜப்பானியரே அதற்கு ‘கென்யா ஷோஹோ’, அதாவது தரிசு வியாபாரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். படத்தில் இருந்த பாதை தலத்தில் இருக்காது. வாங்கியவர்களுக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகளோ வேண்டாம் என்கிறார்கள். அந்தச் சரக்கும் இன்று சந்தையில் கலந்து வருகிறது. நம் வீட்டுச் சுவர்களில் ஜப்பான் பூ ஓடுகளைப் பதித்த காலத்திலிருந்தே அந்த நாட்டுச் சரக்கின்மேல் நமக்கு ஒரு நம்பிக்கை. ஓட்டுக்குப் பொருந்திய நம்பிக்கை நிலத்துக்கும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

அளவைக் கணக்கு தெரிந்தால் பேரம் புரியும். அங்கே மனை ‘ட்சுபோ’ கணக்கில் பேசப்படும். ஒரு ட்சுபோ 3.3 சதுர மீட்டர், நம் கணக்கில் 35.6 சதுர அடி. ஒரு சென்ட்டுக்குப் பன்னிரண்டு ட்சுபோவும் கொஞ்சமும். 300 ட்சுபோ என்று சொன்னால் 24.5 சென்ட், கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு.

தரகரிடம் முதலில் வாங்க வேண்டியது படம் அல்ல, ‘சிபான்’. அது நம் சர்வே எண் போன்றது. அஞ்சல் முகவரி வேறு, சிபான் வேறு. சிபான் தெரிந்தால் சட்ட விவகார அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் பதிவேட்டு நகல் எடுக்கலாம். நகலில் மூன்று பகுதி இருக்கும். முதல் பகுதியில் இடம், நில வகை, பரப்பு. இரண்டாவதில் உரிமையாளர். மூன்றாவதில் அடமானம் முதலான பிற உரிமைகள். நம் பட்டாவும் வில்லங்கச் சான்றும் ஒரே தாளில் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பதிவேட்டில் பெயர் இருப்பதாலேயே அவர்தான் உரிமையாளர் என்று ஜப்பானியச் சட்டம் உத்தரவாதம் தருவதில்லை. ஆகவே விற்பவர் அந்தப் பெயருக்கு எப்படி வந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். தாய்ப்பத்திரம் கேட்கிற நம் பழக்கம் அங்கேயும் வீண் போகாது.

கூடவே ‘கோசு’ என்கிற வரைபடத்தையும் எடுப்பார்கள். நம் புலப்படம் போலத் தோன்றும், ஆனால் பல ஊர்களில் அது 19ஆம் நூற்றாண்டின் மெய்ஜி பேரரசர் காலத்து நிலவரி அளவையிலிருந்து வந்தது. எது எதற்குப் பக்கத்தில் என்று காட்டும். நீள அகலத்துக்கு நம்ப முடியாது. நாட்டில் நவீன நில அளவை முடிந்த பரப்பு ஏறக்குறையப் பாதிதான். அதனால் பதிவேட்டுப் பரப்பு ஒன்று, கயிறு பிடித்தால் வருவது வேறொன்று. பரப்பு கூடிவந்தால் ‘நவநோபி’, கயிறு நீண்டது என்று அதற்கு ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். மலைச்சரிவு, காட்டு மனைகளில் இது சகஜம். பதிவேட்டுப் பரப்புக்கு விலை பேசாமல் அளந்த பரப்புக்குப் பேச வேண்டும். உரிமம் பெற்ற நில அளவையாளர் பக்கத்து மனைக்காரர்களை வரவழைத்துக் கையெழுத்து வாங்கிய எல்லை உறுதி அளவைதான் செல்லும். எல்லைக் கல்லின் தலையைப் பாருங்கள். கூட்டல் குறி வெட்டியிருந்தால் இரண்டு கோடும் வெட்டும் புள்ளி எல்லை. அம்புக்குறி இருந்தால் அம்பின் முனை எல்லை. இந்த வேலை பெரும்பாலும் எங்கே நின்றுபோகும் என்றால், பக்கத்து மனைக்காரர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாத இடத்தில். உரிமையாளர் தெரியாத நிலம் நாடு முழுக்க 41 லட்சம் ஹெக்டேர் வரும் என்று 2017இல் ஓர் ஆய்வுக் குழு மதிப்பிட்டது. கியூஷூ தீவே அதைவிடச் சிறியது.

இனி ஏரி.

நம் ஊரில் கண்மாய்க்கரையைப் பட்டாவில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. நீர்நிலைப் புறம்போக்கு என்று குழந்தைக்கும் தெரியும். (தெரிந்தும் வேலி போடுகிறவர்கள் இருப்பது வேறு கதை.) ஜப்பானிலும் அதே நியாயம்தான். நாட்டின் மிகப்பெரிய ஏரியான பிவா, 670 சதுர கிலோமீட்டர், சட்டத்தின் கண்ணில் ஏரியே அல்ல. 1964ஆம் ஆண்டு ஆற்றுச் சட்டப்படி அது முதல் வகுப்பு ஆறு. ஆற்று எல்லைக்குள் வருகிற கரையில் படகுத்துறை, படகு இறக்கும் சறுக்குமேடை, வேலி, மண் நிரப்புதல் எதற்கும் ஆற்று நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அந்த எல்லைக்கு வெளியே பாதுகாப்புப் பட்டை ஒன்று குறித்திருந்தால், உங்கள் சொந்த மண்ணைத் தோண்டவும் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். ‘ஏரியை ஒட்டிய மனை’ என்று விளம்பரம் சொன்னால், மனையின் கடைசிக் கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது யாருடையது என்று கேளுங்கள். அரசுத் துண்டு இருக்கலாம், சாலை இருக்கலாம், நாணல் படுகை இருக்கலாம். பிவா இருக்கும் ஷிகா மாகாணத்தில் நாணலுக்கென்றே 1992இல் விதி போட்டிருக்கிறார்கள். குறித்த படுகையில் காட்சி மறைக்கிறது என்று நாணலை வெட்டிச் சாய்க்க முடியாது.

பிவாவுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட ஆறுகள் இறங்குகின்றன. இயற்கையாக வெளியேறுவது செத்தா ஆறு ஒன்றுதான், அதன் தடுப்பணைதான் இந்தக் கண்மாய்க்குக் கலுங்கு. நீர்மட்டத்தை ‘பி.எஸ்.எல்.’ என்ற குறியில் சொல்வார்கள். அதன் பூஜ்யம் டோக்கியோ விரிகுடா மட்டத்திலிருந்து 84.371 மீட்டர். மழையில்லாக் காலத்தில் பூஜ்யத்துக்கு மேல் 30 சென்டிமீட்டர் வரை நிறுத்துவார்கள். ஜூன் நடுவில் மழைக்காலம் தொடங்கும்போது பூஜ்யத்துக்கு 20 சென்டிமீட்டர் கீழே இறக்குவார்கள், செப்டம்பர் தொடங்கி அக்டோபர் நடுவரை 30 சென்டிமீட்டர் கீழே. வெள்ளத்துக்கு வகுத்த திட்ட மட்டம் பூஜ்யத்துக்கு மேல் 1.4 மீட்டர். 1896 வெள்ளத்தில் 3.76 மீட்டர் ஏறியது. 1994 வறட்சியில் 1.23 மீட்டர் இறங்கியது. ஆகவே மனையின் தரைமட்டம் பி.எஸ்.எல். கணக்கில் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். கோடையில் எடுத்த படத்தில் மணல் கரை அகலமாகத் தெரிந்தால், அந்த அகலம் மனைக்குச் சொந்தம் என்று அர்த்தமில்லை.

ஃபூஜி மலையடியில் உள்ள ஐந்து ஏரிகளின் கதை வேறு. அவற்றில் இயற்கை வடிகால் உள்ளது யமனாக்கா ஒன்றுக்குத்தான். கவாகுச்சி ஏரியின் மட்டம் மழையைப் பொறுத்து ஏறி இறங்கும். அந்தப் பகுதியில் சுற்றியிருக்கும் காட்டில் பெரும்பகுதி 1911இல் பேரரசர் யமனாஷி மாகாணத்துக்கு அளித்தது. அதனால் ‘மனை’ என்று காட்டப்படுவது சொந்தமா, மாகாண நிலத்தின் குத்தகையா என்பதை முதல் கேள்வியாகவே வையுங்கள்.

ஃபூஜி ஏரிகளும், ஆஷி, சூசென்ஜி, தோவாடா, தோயா போன்ற பெயர்பெற்ற ஏரிகளும் தேசியப் பூங்காவுக்குள் இருப்பவை. பிவா அதற்கு அடுத்த படிப் பூங்காவில் வரும். பூங்கா என்றால் உள்ளே தனியார் நிலமே இருக்காது என்று நாம் நினைப்போம். அங்கே இருக்கும், விற்கவும் செய்வார்கள். கட்டும்போதுதான் பூங்காச் சட்டம் முன்னே வந்து நிற்கும். சிறப்புப் பாதுகாப்புப் பகுதி, முதலாம், இரண்டாம், மூன்றாம் வகைச் சிறப்புப் பகுதிகள், சாதாரணப் பகுதி என்று தரம் பிரித்திருக்கிறார்கள். முதல் இரண்டு தரத்தில் புதிய கட்டடம் என்ற பேச்சை விட்டுவிடலாம். இரண்டாம் வகைச் சிறப்புப் பகுதியில் வில்லா மனை பிரித்தால் ஒரு மனை 1,000 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. அதில் கட்டடம் உட்காரும் பரப்பு 20 சதவீதம், எல்லாத் தளமும் சேர்த்து 40 சதவீதம். மூன்றாம் வகையில் இந்த நாற்பது அறுபதாகும். சரிவு, உயரம், சாலையிலிருந்து தள்ளல், கூரை நிறம் எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. ஒரு ஹெக்டேரை வாங்கி நம் ஊர்க் கணக்கில் ஐந்து ஐந்து சென்ட்டாக 40 மனை போடலாம் என்று பென்சில் போட்டவர், சாலைக்கும் சரிவுக்கும் விட்டுவிட்டு மீதியை எண்ணினால் ஏழெட்டு மனையில் வந்து நிற்பார்.

ஹொக்கைடோவில் உள்ள தோயா பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு செய்தி. ஏரியின் தென்கரையில் உள்ள ஊசு எரிமலை 1910, 1943-45, 1977-78, 2000 ஆகிய ஆண்டுகளில் வெடித்தது; கடைசி முறை வெந்நீர் ஊற்று ஊருக்கு அருகிலேயே வாய் திறந்தது. ஆபத்து வரைபடத்தில் மனை எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அடுத்தது, ஹொக்கைடோவில் நீராதாரப் பாதுகாப்புப் பகுதிகளுக்கு 2012இல் வந்த விதி: ஒப்பந்தத்துக்கு மூன்று மாதம் முன்பே விற்பவர் மாகாணத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நாளைக்கே கையெழுத்து என்று அவசரப்படுத்துகிற தரகரிடம் அந்தத் தெரிவிப்பின் நகலைக் கேளுங்கள்.

நகரத் திட்டப் பகுதி என்றால் அங்கே இரண்டு பெரும்பிரிவு உண்டு. ஒன்று ஊர் வளரலாம் என்று விட்ட பகுதி, மற்றது வளரக் கூடாது என்று கட்டிப்போட்ட பகுதி. இரண்டாவதன் பெயர் ‘ஷிகைகா சோசெய் குயிகி’. இந்தச் சொல் ஒப்பந்தத் தாளில் தென்பட்டால் விலை ஏன் பாதியாக இருக்கிறது என்று புரிந்துவிடும். அங்கே பரப்பு எத்தனை சிறியதானாலும் பொதுவாக அனுமதி வேண்டும், சாதாரண வெளியாருக்குக் கிடைப்பது அரிது. இரண்டாகவும் பிரிக்கப்படாத திட்டப் பகுதியில் 3,000 சதுர மீட்டரிலிருந்தும், திட்டப் பகுதிக்கு வெளியே ஒரு ஹெக்டேரிலிருந்தும் அபிவிருத்தி அனுமதி தேவை. 0.3 ஹெக்டேரிலிருந்து 5 ஹெக்டேர் வரை உள்ள திட்டத்தில் 3 சதவீதம் பூங்காவுக்கோ திறந்த வெளிக்கோ விட வேண்டும். மழைநீர் ஒரேயடியாக ஏரிக்குள் பாயாமல் நிறுத்தி விடும் குட்டை, உள் சாலை, தீயணைப்பு நீர் எல்லாம் உங்கள் செலவு.

பாதையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திட்டப் பகுதிக்குள் மனை குறைந்தது 2 மீட்டர் நீளத்துக்கு 4 மீட்டர் அகலச் சாலையைத் தொட்டிருக்க வேண்டும். தொடவில்லை என்றால் புதிய வீடு கட்டத் தேவையான உறுதிச் சான்று கிடைக்காது. பழைய குறுகிய சாலையாக இருந்தால் நடுக்கோட்டிலிருந்து 2 மீட்டர் உள்வாங்கிக் கட்டலாம். உள்வாங்கிய துண்டு கணக்கில் சேராது. கண்ணுக்குத் தார்ச்சாலையாகத் தெரிவது சட்டத்துக்குச் சாலையாக இல்லாமல் போவதுதான் வில்லா நகர்களில் அடிக்கடி வரும் சிக்கல்: தனியார் சாலை, இருபது பேர் பங்கு, பாதிப் பேர் காலமாகிவிட்டார்கள். வளவு வீட்டுக்கு நாற்பது பங்காளி என்றால் என்ன நடக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கார் போகும் உரிமையும் குழாய் பதிக்கத் தோண்டும் உரிமையும் சாலைப் பங்குதாரர்களின் எழுத்தில் வேண்டும். இரண்டும் வேறு வேறு உரிமை. ஒன்றை வாங்கி மற்றதை மறந்துவிடுகிறார்கள்.

நில வகை வயல் அல்லது தோட்டம் என்றிருந்தால், விவசாயக் குழு வழியாக நில மாற்ற அனுமதி வராத வரை ஒப்பந்தம் உயிர் பெறாது. விவசாய மேம்பாட்டுப் பகுதியின் உள்வட்டத்தில் இருந்தால் முதலில் அந்தப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். அதற்கே மாதக் கணக்கு ஆகும். காடு என்றால் வாங்கிய 90 நாளுக்குள் நகராட்சிக்குத் தெரிவிப்பு, ஒரு ஹெக்டேருக்கு மேல் வெட்டித் திருத்த ஆளுநர் அனுமதி. 2021 ஜூலையில் அத்தாமி நகரில் கொட்டிவைத்த மண் சரிந்து உயிர்ப்பலி ஆனபின், 2023 மே மாதம் முதல் மண் நிரப்பும் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். குறித்த பகுதியில் 500 சதுர மீட்டருக்கு மேல் வெட்டவோ நிரப்பவோ அனுமதி வேண்டும். புதைபொருள் இருக்கும் இடமாகக் குறித்திருந்தால் தோண்டுவதற்கு 60 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும்.

இனி யாரும் பேசாத கழிவுநீர். ஏரிக்கரைக் கிராமங்களில் சாக்கடைக் குழாய் வரவில்லை என்றால் ‘ஜோகாசோ’ புதைக்க வேண்டும். நம் செப்டிக் டேங்க் அல்ல அது. கண்ணாடி இழைத் தொட்டி, உள்ளே அறை அறையாகத் தடுப்பு, தரைமட்டத்தில் இரண்டு மூன்று மூடிகள், பக்கத்தில் சுவரோரமாக ஒரு சின்னக் காற்றூதிப் பெட்டி. அந்தப் பெட்டி இரவு பகல் முனகிக்கொண்டே இருக்கும். அது தருகிற காற்றில்தான் கழிவைத் தின்னும் கிருமிகள் வாழ்கின்றன. குளிர்காலத்துக்கு வீட்டைப் பூட்டும்போது மின்சாரத்தையும் நிறுத்திவிட்டால் கிருமிகள் செத்துப்போகும். வசந்தத்தில் திறந்தால் நாற்றம், வெளியேறும் நீரும் கெட்டிருக்கும். வெளியேறும் நீரின் ‘பி.ஓ.டி.’, அதாவது நீரில் மிச்சமிருக்கும் கரிமக் கழிவைக் காட்டும் அளவு, லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. சிறிய தொட்டிக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு, வருடம் ஒருமுறை சேறு எடுத்தல், வருடம் ஒருமுறை சட்டப்படி சோதனை. கழிவறை நீரை மட்டும் சுத்தம் செய்யும் பழைய வகையைப் புதிதாக வைக்க 2001 முதல் தடை. பழைய வில்லாவில் அது இருந்தால் மாற்றும் செலவைப் பேரத்தில் கழியுங்கள். தொட்டியின் அளவு ஆள் கணக்கில் பேசப்படும். தளப் பரப்பு 130 சதுர மீட்டர் வரை 5 ஆள் தொட்டி, அதற்கு மேல் 7 ஆள், இரண்டு சமையலறையும் இரண்டு குளியலறையும் என்றால் 10 ஆள். இதை விடுதியாக மாற்றும்போது கணக்கே வேறு, தொட்டியும் வேறு. விருந்தினர் அறையை ஆண்டுக்கு 180 நாளுக்குள் விடுவது என்றால் 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி தெரிவிப்பு போதும். அதற்கு மேல் என்றால் விடுதி உரிமம்.

பனிப் பிரதேசத்தில் தண்ணீர்க் குழாயை உறைமட்டத்துக்குக் கீழே பதிக்க வேண்டும், ஆள் இல்லாதபோது குழாயை வடித்துவிட வேண்டும். நடுவில் முற்றம் விட்டுச் செட்டிநாட்டுப் பாணியில் விடுதி கட்டலாம் என்று ஆசைப்படுபவர்கள், பெரும்பனிப் பகுதியில் ஒரு மீட்டர் பனி சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ பாரம் என்பதை முதலில் பொறியாளரிடம் காட்டட்டும். நாட்டு ஓடு தாங்காது. முற்றத்தில் விழுந்த பனியை அள்ளி வெளியே கொண்டுபோக வழியும் இருக்காது. கரையோர மண் பல இடங்களில் நாணல் நிலத்தை மேவி எழுப்பியது. மண் சோதனை இல்லாமல் அடித்தள மதிப்பீட்டை யார் கொடுத்தாலும் அது மதிப்பீடு அல்ல.

இந்தியப் பக்கக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கட்டுரையில் இல்லை. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். திட்டம் தனிநபருக்கு மட்டும். கூட்டுக் குடும்பக் கணக்கிலிருந்து அனுப்ப வழியில்லை. நம்மவர் பலர் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். குடும்பத்தார் சேர்ந்து அனுப்பலாம், ஆனால் அவரவர் கணக்கு, அவரவர் பான், அவரவர் வரம்பு. வெளிநாட்டுச் சொத்து வாங்க இங்குள்ள வங்கிக் கடன் எடுத்து அனுப்பக் கூடாது. முதலீட்டுக்கு அனுப்பும்போது 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் முன்வரி பிடிப்பார்கள். 50 லட்சம் அனுப்பினால் 40 லட்சத்துக்கு 8 லட்சம் தனியாகக் கட்டி, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்வரை அது முடங்கிக் கிடக்கும். அனுப்பிய பணம் 180 நாளுக்குள் முதலீடாகாவிட்டால் திரும்பி வர வேண்டும். வயல் மாற்றமும் எல்லை அளவையும் இழுத்தடிக்கிற மனைக்கு இந்த 180 நாள் கழுத்தில் கயிறு. ஆகவே முழுத் தொகையையும் முதலிலேயே அனுப்பி அங்கே உட்கார வைக்காதீர்கள். வாங்கிய சொத்தை ஆண்டுதோறும் வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். காட்டத் தவறினால் 2015 கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம். அசையாச் சொத்து என்றால் சிறு தொகை என்ற விலக்கும் இல்லை.

மனை போட்டு விற்கலாம் என்ற எண்ணம் இரண்டு நாட்டிலும் இடிக்கும். கம்பெனி வைத்துச் செய்வதானால், நிலத்தை வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்ட வெளிநாட்டுக் கம்பெனியில் இந்தியர் முதலீடு செய்ய 2022 வெளிநாட்டு முதலீட்டு விதிகள் இடம் தருவதில்லை. குடியிருப்பு, வணிகக் கட்டடம் கட்டி விற்பது அல்லது வாடகைக்கு விடுவது அந்தத் தடைக்குள் வராது. ஜப்பானிலோ, ஒரு நிலத்தைப் பல துண்டாக்கிப் பலருக்கு விற்றால் அது மனைத் தொழில். உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம். ‘நாலு பேர் சேர்ந்து ஒரு ஏக்கர் வாங்கி ஆளுக்கு லாபத்தில் பங்கு’ என்று துண்டுச்சீட்டில் வருவது, இந்த இரண்டு வேலியையும் எப்படித் தாண்டும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

வாங்குகிற நடைமுறையில் ஒழுங்கு இருக்கிறது, பயன்படுத்திக்கொண்டால் காப்பாற்றும். ஒப்பந்தத்துக்கு முன் உரிமம் பெற்ற மனை அலுவலர் முக்கியச் செய்திகளை எழுத்தில் தந்து விளக்க வேண்டும். 2020 ஆகஸ்ட் முதல் வெள்ள வரைபடத்தில் மனையின் இடமும் அதில் சேர்ந்திருக்கிறது. அந்தத் தாளை ஒப்பந்தத்தன்று காலையில் காட்டுவார்கள். ஒரு வாரம் முன்பே வாங்கி மொழிபெயர்த்துப் படியுங்கள். முன்பணம் பெரும்பாலும் விலையில் 5 முதல் 10 சதவீதம். மற்றவர் ஒப்பந்தத்தை நிறைவேற்றத் தொடங்கும் முன்பு வாங்குபவர் விலகினால் முன்பணம் போச்சு, விற்பவர் விலகினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். ஆகையால் ‘அபிவிருத்தி அனுமதியும் நில மாற்ற அனுமதியும் இந்தத் தேதிக்குள் வராவிட்டால் ஒப்பந்தம் ரத்து, முன்பணம் முழுதும் திரும்பும்’ என்ற நிபந்தனையைப் போடாமல் கையெழுத்திட வேண்டாம். வாய்மொழியாக ‘கிடைத்துவிடும்’ என்பதை எந்த அலுவலகமும் ஏற்காது. தரகு பொதுவாக விலையில் 3 சதவீதமும் 60,000 யென்னும் வரை, அதன்மேல் வரியும். பதிவை நீதித்துறை எழுத்தர் செய்வார். கையெழுத்துக்குப் பதிலாக அங்கே கேட்கும் முத்திரைச் சான்று வெளிநாட்டில் இருப்பவருக்குக் கிடையாது. நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் மொழிபெயர்ப்புடன் வேண்டும். 2024 ஏப்ரல் முதல் ஜப்பானுக்குள் ஒரு தொடர்பாளரையும் பதிவில் குறிக்க வேண்டும்.

வாங்கியபின் உள்ள தெரிவிப்புகளைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. முதலீட்டுக்கு வாங்கிய வெளிநாட்டுவாசி 20 நாளுக்குள் ஜப்பான் வங்கி வழியாக நிதி அமைச்சருக்கு அறிக்கை தர வேண்டும். பெரிய பரப்பு என்றால் ஒப்பந்தத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் நகராட்சிக்கு. திட்டப் பகுதிக்கு வெளியே ஒரு ஹெக்டேர் அதன் வரம்பு. ராணுவத் தளம் போன்றவற்றிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டருக்குள் சிறப்புக் கண்காணிப்புப் பகுதியாகக் குறித்திருந்தால், 200 சதுர மீட்டருக்கே முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும்.

வரியைச் சுருக்கமாகச் சொன்னால்: வாங்கும்போது பதிவு வரி, அடுத்து கையகப்படுத்தல் வரி, பிறகு ஆண்டுதோறும் மதிப்பில் 1.4 சதவீதம் சொத்து வரி. வீடு இல்லாத வெற்று மனைக்குக் குடியிருப்புச் சலுகை கிடையாது. விற்கும்போது வாங்குபவர் விலையில் 10.21 சதவீதத்தைப் பிடித்து வரி அலுவலகத்தில் கட்டிவிடுவார். ஐந்து ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30.63 சதவீதம், அதற்கு மேல் 15.315. அந்த ஐந்தை விற்கும் ஆண்டின் ஜனவரி 1ஆம் தேதியை வைத்து எண்ணுவார்கள் என்பதால் கையில் ஏறக்குறைய ஆறாண்டு இருக்க நேரும். வில்லா நகர் என்றால் சாலை, பனி அகற்றல், தண்ணீருக்கான பராமரிப்புக் கட்டணம் தனி. பழைய பாக்கி யார் தலையில் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

பர்மாவில் நம்மவர் கைக்கு வந்த நிலம் ஆசைப்பட்டு வாங்கியது அல்ல. 1930களின் நெல் விலைச் சரிவில் கடனுக்கு ஈடாக வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு அப்படிச் சேர்ந்து, 1948இல் தொடங்கிய நில தேசியமயச் சட்டங்களில் கைவிட்டுப் போனது. ஜப்பானில் அந்தப் பயம் வேண்டாம். அங்கே யாரும் பிடுங்க மாட்டார்கள். ஆனால் தவறான மனையை யாரும் வாங்கவும் மாட்டார்கள். உரிமையாளர் காலமானால் அங்குள்ள சொத்துக்கு ஜப்பானின் வாரிசு வரி உண்டு. 3 கோடி யென்னும் வாரிசு ஒருவருக்கு 60 லட்சம் யென்னும் கழிவு போக மீதிக்கு. 2024 ஏப்ரல் முதல் வாரிசுகள் மூன்றாண்டுக்குள் பெயர் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் 1 லட்சம் யென் வரை அபராதம். ஒரு மகன் சிங்கப்பூர், ஒரு மகள் அமெரிக்கா என்றிருக்கும் வீட்டில் ஒவ்வொருவர் கையெழுத்தையும் நோட்டரி வழியாகச் சேர்க்க வேண்டும். வேண்டாத நிலத்தை அரசிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு 2023 ஏப்ரலில் தொடங்கியது: துண்டுக்கு 14,000 யென் பரிசீலனைக் கட்டணம், ஏற்றுக்கொண்டால் பொதுவாக 2 லட்சம் யென்னிலிருந்து பராமரிப்புத் தொகை, கட்டடம் எதுவும் நிற்கக் கூடாது, எல்லை தெளிவாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் உரிமை வாரிசாகப் பெற்றவருக்குத்தான். விலை கொடுத்து வாங்கியவருக்கு இல்லை.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்கள் சிலர்,
காரைக்குடி.